ஓரம் கிழிந்தால் உயிர் போகாது!

அரை நூற்றாண்டுப் பழைய ஸ்பீக்கர்களைத் தேடி வாங்கிப் பாட வைப்பவர்களின் கணக்கு

பழைய ஸ்பீக்கர் விற்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். "அப்பா சவூதியிலேர்ந்து கொண்டு வந்தது சார். நல்லாத்தான் பாடிட்டு இருந்துச்சு. திடீர்னு ஒருநாள் கரகரன்னு ஆயிடுச்சு. மெக்கானிக் பாத்துட்டு வேலைக்கு ஆகாதுன்னுட்டாரு." முன்பக்கத் துணியைக் கழற்றினால் காரணம் கண்ணெதிரே இருக்கும். தடித்த ஒலி தரும் வூஃபரைச் சுற்றி வளையமாக நிற்க வேண்டிய ஃபோம், தொட்டால் உதிரும் கருப்புத் தூளாகக் கொட்டிக் கிடக்கும். பிடிமானம் இழந்த கோன், அதாவது கூம்பு, ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்.

அந்த ஃபோம் வளையம் ஸ்பீக்கரிலேயே மலிவான பாகங்களில் ஒன்று. அதற்குப் பின்னால் இருக்கும் காந்தம், உலோகச் சட்டம், செப்புக் காயில், கனத்த மரப்பெட்டி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். சல்லிசான ஒன்று செத்துப்போனதற்காக விலையுயர்ந்த மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போகிறது. பழைய ஸ்பீக்கர் பித்துப் பிடித்தவர்களின் மொத்தப் பிழைப்பும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இந்தப் பெட்டியில் சீக்கிரம் சாவது எது, சாகாதது எது? இதற்கு விடை தெரிந்தவருக்கு, புதிதாக வாங்கினால் லட்சங்களில் போகும் தரம் சில ஆயிரங்களில் கிடைக்கும். தெரியாதவர் அதே சந்தையில் குப்பையைப் பொன் விலைக்கு வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்குவார்.

நூறு வயதான நுட்பம்

பத்து வருடப் பழைய கைப்பேசியை யாரும் தேடி வாங்குவதில்லை. ஐம்பது வருடப் பழைய ஸ்பீக்கரைத் தேடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம், அந்த நுட்பம் அடிப்படையில் மாறவே இல்லை என்பதுதான்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். காந்தத்தின் நடுவே சின்னச் செப்புக் காயில். அந்தக் காயிலோடு ஒட்டிய காகிதக் கூம்பு. காயிலுக்குள் பாட்டின் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் ஆட, கூம்பும் கூடவே ஆடிக் காற்றை அசைக்கும். அடுத்த ஆண்டே ஆர்சிஏ நிறுவனம் 'ரேடியோலா 104' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, இசைத்தட்டு போய் கேசட்டும் சிடியும் வந்து அவையும் போயின. ஆனால் இன்றைக்கு நீங்கள் வாங்கும் புளூடூத் டப்பாவைப் பிளந்தாலும் உள்ளே இருப்பது ரைஸும் கெல்லாக்கும் சொன்ன அதே காயில், அதே காந்தம், அதே கூம்பு.

ஆகவே 1970இல் நன்றாகச் செய்த ஸ்பீக்கர் இன்றும் நன்றாகவே பாடும். கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வசதி அப்போது இல்லை. அதற்குப் பதில் கனமான காந்தமும் கெட்டியான மரமும் தாராளமாகப் போட்டார்கள். அந்தக் காந்தத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய உயர்ரக ஸ்பீக்கர்களில் இருப்பது ஆல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம். 1978இல் கோபால்ட் சுரங்கங்கள் நிறைந்த, ஆப்பிரிக்காவின் ஸையர் நாட்டு ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டதும் கோபால்ட் விலை எகிறியது. நிறுவனங்கள் மளமளவென்று மலிவான ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. ஆல்னிகோ வைத்த பழைய ஜோடிகளுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பதன் பின்னணி இது. ஃபெரைட் ஒன்றும் மட்டமில்லை, நன்றாகச் செய்தால் அதுவும் பிரமாதமாகவே பாடும். ஆனால் சந்தை தர்க்கத்தை மட்டும் கேட்டு நடப்பதில்லையே.

மெத்தைத் துணியில் பிறந்த புரட்சி

வீட்டு ஸ்பீக்கரின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தால், நடுவில் நிற்பவர் எட்கர் வில்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுஉருவாக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவு பெட்டி வேண்டும். கூம்பைப் பிடித்திருக்கும் ஓரம் விறைப்பாக இருந்ததால், கூம்பு கொஞ்சம் அதிகமாக ஆடினாலே ஒலி கோணிப்போகும்.

வில்சர் தலைகீழாக யோசித்தார். ஓரத்தைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தால் என்ன? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று கையைத் திருப்பித் தள்ளுமே, அதுபோல அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும். உலோகத்தையும் துணியையும்விடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். பெட்டியும் சின்னதாகிவிடும். சோதனைக்காக ஒரு ஸ்பீக்கரின் விறைத்த ஓரத்தை வெட்டி எறிந்தார். அந்த இடத்தில் ஒட்ட அவர் மனைவி ரோஸ்மேரி மெத்தைத் துணியில் வளையம் வெட்டிக் கொடுத்தார் என்பது ஒலித்துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் சேதி.

1954இல் வில்சரும் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் 'அகூஸ்டிக் ரிசர்ச்' (ஏஆர்) நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏஆர்-1 வந்தது, 1958இல் மெல்லிய ஒலிக்கான டோம் வடிவ ட்வீட்டருடன் ஏஆர்-3, 1967இல் ஏஆர்-3ஏ. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கேட்பு அறை ஒன்று வைத்திருந்தார்கள். யாரும் உள்ளே போய்க் கேட்கலாம். அங்கே எதையும் விற்க மாட்டார்கள். க்ளாஸ் பிற்பாடு பிரிந்துபோய் கேஎல்ஹெச், அட்வென்ட் என்று அடுத்தடுத்து நிறுவனங்களில் கைவைத்து, நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலையில் நல்ல ஸ்பீக்கர் தந்தார்.

இன்று பழைய சந்தையில் கிடைக்கும் புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர்களில் மூடிய பெட்டி கொண்டவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் வில்சரின் வாரிசுகள். அவர் கண்டுபிடிப்பின் உயிர் அந்தத் தளர்ந்த ஓரத்தில் இருக்கிறது. காலப்போக்கில் முதலில் போவதும் அதே ஓரம்தான்.

ஈரம் தின்னும் ஃபோம்

1960களின் ஏஆர் வூஃபர்களில் ஓரம் துணியால் ஆனது. மேலே பிசின் பூசியிருப்பார்கள். 1970 வாக்கில் ஃபோமுக்கு மாறினார்கள். மற்ற நிறுவனங்களும் அப்படியே. ஃபோம் லேசானது, மலிவானது, தேவையற்ற அதிர்வை அடக்கும். வாங்கும் ஆள் இருபது வருடம் கழித்தும் அதையே வைத்திருப்பார் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

அந்த ஃபோம் பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலிருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கும். வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொடியும். குளிர் நாட்டிலேயே 15 முதல் 20 ஆண்டுதான் ஆயுள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதைவிடவும் சீக்கிரம்.

இதிலிருந்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "சார், பெட்டியே பிரிக்கல, அப்படியே பரண்ல இருந்துச்சு" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் மயங்காதீர்கள். ஃபோம் பாடியதால் சாவதில்லை, வயதால் சாகிறது. பரணில் தூங்கினாலும் உதிரும். இன்னொன்று, பழையது முந்திப் போகும் என்று நினைப்போம். இங்கே கதை வேறு. துணி ஓரம் வைத்த 1960களின் வூஃபர் முழுசாக நிற்கும், ஃபோம் வைத்த 1980களின் வூஃபர் உதிர்ந்து கிடக்கும்.

ஜேபிஎல் நிறுவனம் 1970இல் கொண்டுவந்த எல்100 செஞ்சுரி இதற்கு நல்ல உதாரணம். ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகச் செய்த 4310 மானிட்டரின் வீட்டு வடிவம் அது. ஆரஞ்சு, நீலம், பழுப்பு நிறங்களில் கட்டம் கட்டமாக நிற்கும் அதன் முன்மூடிதான் அதன் அடையாளம். வெள்ளைக் கோன் வூஃபரின் ஓரத்தில் ஃபோம் கிடையாது, அதனால் அசல் வூஃபர்கள் இன்றும் ஆரோக்கியமாக இருக்கின்றன. அந்த அழகான முன்மூடியோ ஃபோம். பெரும்பாலான ஜோடிகளில் அது எப்போதோ பொடிந்துவிட்டது. முகம் போனது, குரல் போகவில்லை.

செய்தி வாசிப்பவரின் குரல்

அட்லான்டிக்குக்கு இந்தப் பக்கம், பிரிட்டனில் கதை வேறு மாதிரி. அங்கே இலக்கணம் வகுத்தது பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு. வெளிப்புற ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள் ஆள் உட்காரவே இடம் போதாது. அந்த நெருக்கடியில், வரும் ஒலி சரியாக இருக்கிறதா என்று தீர்மானிக்கக் கைக்கடக்கமான மானிட்டர் வேண்டும். 1970களின் முற்பாதியில் அதற்காக அவர்கள் உருவாக்கியதுதான் எல்எஸ்3/5ஏ. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. இரண்டையும் இரு கைகளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம்.

உள்ளே கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர். பெட்டி மெல்லிய பர்ச் பிளைவுட். உட்புறம் தார் கலந்த அட்டை ஒட்டி அதிர்வை அடக்கியிருப்பார்கள். பேஸ் 70 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சத்தமும் அதிகம் வராது. ஆனால் மனிதக் குரல் என்று வந்துவிட்டால் இதனோடு மோதப் பல மடங்கு பெரிய பெட்டிகளும் யோசிக்கும். பிபிசிக்காரர்கள் ஸ்பீக்கரைச் சோதிக்கப் பேச்சுக்குரலையே பெரிதும் நம்பினார்கள். தினமும் பக்கத்தில் கேட்கும் ஒருவரின் குரல் ஸ்பீக்கரில் மாறி வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். வயலினில் அவ்வளவு சுலபமாக ஏமாற்று பிடிபடாது.

ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல நிறுவனங்கள் பிபிசி உரிமம் பெற்று இதைத் தயாரித்தன. முதலில் 15 ஓம். 1980களின் பிற்பகுதியில் கேஇஎஃப் பாகங்கள் திருத்தப்பட்டு 11 ஓம் ஆனது. ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் ஆள் ஆளுக்குப் போட்டி போட்டு வாங்கியதால் விலை ஏறியது, கூடவே போலிகளும் வந்துவிட்டன. ஆனால் பி110இன் ஓரம் ரப்பர், பொடிவதில்லை. நாற்பது வருடம் கழித்தும் பெரிய வேலை எதுவும் இல்லாமல் பாடும் ஜோடிகள் உண்டு.

நம் இசைக்கு இது எப்படி? குரலும் வீணையும் கூடத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஒவ்வொரு விரலும் தனித்தனியே தெரியும். தொப்பியின் அடி நாதம் மட்டும் கொஞ்சம் மெலிந்து வரும். அதுவும் வேண்டுமென்றால் ஏஆர் போன்ற 12 அங்குல வூஃபர் பக்கம்தான் போக வேண்டும். எந்தப் பாட்டுக்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பர்மா பஜாரிலிருந்து பரணுக்கு

1991க்கு முன்னால் வெளிநாட்டு ஸ்பீக்கரைக் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. இறக்குமதிக் கட்டுப்பாடும் தீர்வையும் அப்படி. சாமானியர்களுக்கு பிலிப்ஸ், காஸ்மிக், கொல்கத்தாவின் சோனோடைன். வெளிநாட்டுச் சரக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்களின் அட்டைப்பெட்டியில் வந்தது. கப்பல்காரர்கள் கொண்டு வந்தது பர்மா பஜாரில் விற்றது. ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு நிறுவன அதிகாரிகளும் தூதரக ஊழியர்களும் விட்டுச் சென்றவை வேறு. இன்று தமிழ்நாட்டில் புழங்கும் பழைய ஸ்பீக்கர்களின் ரிஷிமூலம் பெரும்பாலும் இவைதான். அந்தத் தலைமுறை வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்குகின்றன.

இறங்குவதெல்லாம் பொக்கிஷம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980களில் ஆளுயர அடுக்கோடு வந்த ஜப்பானிய 'மியூசிக் சிஸ்டம்'களின் ஸ்பீக்கர்களில் பல, பார்க்க மலைபோல இருக்கும். தூக்கினால் பஞ்சுபோல வரும். மெல்லிய தூள்பலகை, சின்னக் காந்தம், ஒலியைப் பிரித்தனுப்பும் க்ராஸ்ஓவர் என்ற பெயரில் ஒரே ஒரு கெப்பாசிட்டர். ஏஆர்-3ஏ ஒன்று மட்டும் சுமார் 24 கிலோ. பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்ப்பது எடை போடுவதற்காக மட்டுமல்ல, நேர்மையைச் சோதிக்கவும்தான்.

வெளிநாட்டில் ஏலம் எடுத்துத் தருவிக்கலாமே என்று தோன்றும். பாரம் காரணமாகக் கப்பல் கட்டணம் ஸ்பீக்கர் விலையைத் தாண்டும். போதாததற்கு, பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் நிற்கும். முதல் ஜோடியை உள்ளூரில், நேரில் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

பணம் கொடுக்கும் முன்

போகும்போது கையில் ஒரு டார்ச், ஸ்க்ரூடிரைவர், 1.5 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர், நன்கு பழகிய இரண்டு மூன்று பாட்டுகள் இருக்கட்டும்.

1. முன்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஃபோம் உதிர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். விலையைக் குறைக்க அதுவே வழி.

2. வூஃபர் கோனை இரு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. சரக் சரக்கென்று உரசினால் காயில் கோணியிருக்கிறது, அல்லது இடுக்கில் துரு. கீழே விழுந்த ஸ்பீக்கரில் ஃபெரைட் காந்தமே நகர்ந்து காயிலைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்வது லேசான வேலை அல்ல. மூடிய பெட்டி என்றால் தள்ளிய கோன் நிதானமாகத் திரும்ப வேண்டும். பட்டென்று திரும்பினால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

3. பேட்டரியை ஒயரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டு வூஃபரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். மல்டிமீட்டரில் 8 ஓம் வூஃபர் ஆறு ஓம் பக்கம் காட்டும். எதுவுமே காட்டவில்லையென்றால் காயில் அறுந்திருக்கலாம்.

4. ட்வீட்டர் ஊமையாக இருந்தால் உடனே எரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பின்பக்கம் ஒலி அளவு திருகு இருக்கும் மாடல்களில் அந்தத் திருகு களிம்பேறிப் போயிருக்கும். பழைய ஏஆர்களில் இது பிரசித்தம். திருகை இப்படி அப்படித் திருப்பும்போது கரகரவென்று உயிர் வந்தால் ட்வீட்டர் பிழைத்தது.

5. பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வீடு கழுவிவிடும் பழக்கம் நம்முடையது. தரையில் நின்ற தூள்பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் அதைப் பழையபடி ஆக்க முடியாது. கரையான் தடம், பேஸ் குழாய்க்குள் பல்லி முட்டை, எலி கடித்த கோன் எல்லாவற்றுக்கும் டார்ச் அடியுங்கள்.

6. இரண்டு பெட்டியிலும் ஒரே பாகங்கள்தானா, வரிசை எண்கள் ஜோடி சேருகின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் அசல், மற்றொன்றில் ஏதோ ஒரு வூஃபர் என்றால் அது ஜோடி அல்ல, இரண்டு தனித்தனி பெட்டிகள்.

7. கடைசியில் பாட்டு. ஒவ்வொரு பெட்டியாக, பேசும் அளவுச் சத்தத்தில். முதலில் தனிக்குரல். சத்தத்தை ஏற்றிக் காட்டி அசத்தப் பார்ப்பவர் எதையோ மறைக்கிறார்.

கோனின் நடுவே இருக்கும் நடுமூடியைக் குழந்தைகள் விரலால் அமுக்கியிருப்பார்கள். வூஃபரில் அது அழகுப் பிரச்சினை மட்டுமே. ட்வீட்டரின் டோம் அமுங்கியிருந்தால் ஒலியே மாறும். விலையில் கறாராக இருங்கள்.

மேசை மேல் ஒரு வூஃபர்

ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக் செட் ஓடும் ஊரிலெல்லாம் எரிந்த காயிலைச் சுற்றி, புதுக் கோன் ஒட்டித் தரும் கடை ஒன்று இருக்கும். சென்னையில் ரிச்சி தெருவை ஒட்டிய சந்துகளில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அங்கே ஒரு மாடிக் கடையில் 10 அங்குல வூஃபர் ஒன்று மேசைக்கு வந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

கடைக்கார அண்ணன் முதலில் பழைய ஃபோமைத் தொடவில்லை. வூஃபரைக் குப்புறப் போட்டுக் காந்தத்தை உள்ளங்கையால் தட்டினார். "இதையா தூக்கிப் போடச் சொன்னாங்க? இந்தக் காந்தம் இப்ப வாங்க முடியுமா சார்?" பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கோனின் விளிம்பிலும் சட்டத்திலும் ஒட்டியிருந்த பிசுக்கை ஊற வைத்தார். மழுங்கின பிளேடால் சுரண்டினார். காகிதக் கோன் நனைந்தால் கிழியும் என்பதால் விரலகலம் விரலகலமாகத்தான் நகர்ந்தார். நேரம் முழுக்க இதற்குத்தான் போகிறது. மிச்சம் இருக்கும் பழைய பசை மேலேயே புது ஃபோமை ஒட்டிவிட்டுப் போகிறவர்களின் வேலை சில மாதத்தில் பிய்ந்துகொள்ளும்.

அடுத்து நடுமூடியைச் சுற்றிலும் கத்தியால் அறுத்து எடுத்தார். உள்ளே காயிலுக்கும் இரும்பு முளைக்கும் நடுவே தலைமுடி புகும் அளவு இடுக்கு. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நீளத் துண்டுகளாக வெட்டி, நாலா பக்கமும் அந்த இடுக்கில் செருகினார். காயில் அசையாமல் நட்டநடுவில் நின்றது. "இத வைக்காம ஒட்டுனா அன்னிக்கு நல்லாத்தான் பாடும். பேஸ் ஏத்துனா தேய்க்கும்." புது வளையம் முதலில் கோனோடு ஒட்டப்பட்டது, அது பிடித்த பிறகே சட்டத்தோடு. சுற்றிலும் துணிக் கிளிப்புகள். அன்றைக்கு அதோடு சரி. மறுநாள் ஃபிலிமை உருவிவிட்டு, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக அனுப்பினார். கோன் சத்தமே இல்லாமல் மூச்சு வாங்கியது. உரசல் இல்லை என்று காதைப் பக்கத்தில் வைத்து உறுதி செய்துகொண்ட பிறகே நடுமூடியைத் திரும்ப ஒட்டினார்.

பெட்டியில் மாட்டும்போது வூஃபரை அரைச் சுற்றுத் திருப்பி, முன்பு மேலே இருந்த பக்கம் கீழே வரும்படி வைத்தார். பல வருடம் ஒரே நிலையில் நின்ற கோனை அதன் எடையே கொஞ்சம் கீழே இழுத்திருக்கும். திருப்பி வைத்தால் அது சமனாகும்.

புது ஃபோம் வாங்கும்போது பலர் தவறுவது அளவில். 10 அங்குலம், 12 அங்குலம் என்று சொன்னால் போதாது. உள்விட்டம், வெளிவிட்டம், கோனோடு ஒட்டும் பட்டையின் சாய்வு மூன்றும் பொருந்த வேண்டும். தடித்த ஃபோம் ரொம்ப நாள் உழைக்கும் என்று நினைத்து வாங்கினால் கூம்பு விறைத்து பேஸ் சுருங்கிவிடும். வில்சர் வெட்டி எறிந்த விறைப்பைக் காசு கொடுத்துத் திரும்ப ஒட்டிக்கொள்ளும் கதைதான் அது.

நிறுத்தத் தெரிந்தவனே கைகாரன்

ஃபோம் மாறியதும் கை அரிக்கும். அடுத்த பலி க்ராஸ்ஓவர். பாட்டைப் பிரித்துத் தடித்த ஒலியை வூஃபருக்கும் மெல்லிய ஒலியை ட்வீட்டருக்கும் அனுப்பும் பலகை அது. அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உள்ளே உலர்ந்து மதிப்பு மாறும் என்பது உண்மை. அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி, விலை உயர்ந்த ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் ஸ்பீக்கர் புதுசாகிவிடும் என்பது வியாபாரப் பேச்சு.

அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள். எழுதியிருக்கும் மதிப்புக்குப் பத்து சதவீதத்துக்குள் இருந்தால், உள் எதிர்ப்பும் ஏறாமல் இருந்தால், விட்டுவிடலாம். ஏஆர்-3ஏ-வில் 6, 50, 150 மைக்ரோஃபாரட் என மூன்று உண்டு. ட்வீட்டருக்குப் போகும் சின்னதை ஃபிலிமாக மாற்றலாம். 150ஐ ஃபிலிமில் தேடினால் அளவும் விலையும் விழி பிதுங்க வைக்கும்; நல்ல புது எலெக்ட்ரோலிட்டிக்கே போதும். இன்னொரு நுணுக்கம்: பழைய எலெக்ட்ரோலிட்டிக்குக்குக் கொஞ்சம் உள் எதிர்ப்பு உண்டு, அதையும் கணக்கில் வைத்துத்தான் அன்றைய பொறியாளர் ட்வீட்டரின் அளவை முடிவு செய்தார். எதிர்ப்பே இல்லாத ஃபிலிமைப் போட்டால் ட்வீட்டர் கூவ ஆரம்பிக்கும். "ஆஹா, எவ்வளவு தெளிவு!" என்று முதல் நாள் தோன்றும். ஒரு வாரத்தில் காது வலிக்கும். சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதே முறை.

பெட்டிக்குள் இருக்கும் பஞ்சையும் கண்ணாடி இழையையும் எடுத்த அளவுக்கே திரும்ப வையுங்கள். தேக்கு நிறம் வரட்டும் என்று வினீர் மேல் தடித்த வார்னிஷ் அடிக்காதீர்கள். எண்ணெய் தடவித் துடைத்தாலே வால்நட் ரேகை எழுந்து வரும்.

முதல் முயற்சியாக எடுக்கக் கூடாதவையும் உண்டு. 1957இல் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம். தூசியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் பொறி பறக்கும். அனுபவஸ்தர்களுக்கு மட்டும். யமஹாவின் என்எஸ்-1000 வரிசையில் ட்வீட்டரும் நடுஸ்பீக்கரும் பெரிலியம் தகடு. அது உடைந்திருந்தால் கைவைக்காதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

செலவும் அறையும்

ஃபோம் வளையம், பசை, இரண்டு மூன்று கெப்பாசிட்டர், மெக்கானிக் கூலி. சாதாரண ஜோடிக்கு இவற்றின் மொத்தம், அதே தரத்தில் புது ஸ்பீக்கர் வாங்கும் செலவில் சிறு பங்குதான். ட்வீட்டர் எரிந்திருந்தால் கணக்கு மாறும். அசல் ட்வீட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வேறு மாடல் போட்டால் அது வேறு ஸ்பீக்கர் ஆகிவிடும். ஆகவே வூஃபர் ஓரம் போனது, கெப்பாசிட்டர் போனது, வினீர் கீறியது என்றால் துணிந்து வாங்கலாம். ட்வீட்டர் போனது, பெட்டி ஊதியது, காந்தம் நகர்ந்தது என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஆம்ப்ளிஃபையரிலும் கஞ்சத்தனம் கூடாது. ஏஆர்-3ஏ போன்ற 4 ஓம் ஸ்பீக்கர் நல்ல தெம்பான ஆம்ப்ளிஃபையர் கேட்கும். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகி வைத்து, அது திணறும்போது கிளம்பும் கோணல் ஒலிதான் பல ட்வீட்டர்களை எரித்திருக்கிறது. பிறகு அறை. நம் வீடுகளில் தரை மொசைக் அல்லது டைல்ஸ், சுவர் சிமெண்ட், ஜன்னல் கண்ணாடி; எதிரொலிக்குப் பஞ்சமில்லை. ஒரு ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும் புத்தக அலமாரியும் செய்யும் உபகாரத்தை எந்த விலையுயர்ந்த ஒயரும் செய்யாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் காது உயரத்துக்கு வரும் ஸ்டாண்டில் வையுங்கள்; வீடு கழுவும் தண்ணீரிலிருந்தும் தப்பும்.

எல்லாம் முடிந்து பெட்டியை மூடும் முன் ஒரு வேலை பாக்கி. என்ன மாற்றினீர்கள், எந்த மதிப்பு, ஃபோமின் அளவு என்ன, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி உட்பக்கம் ஒட்டுங்கள். கழற்றிய அசல் கெப்பாசிட்டர்களை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அசல் பாகங்களோடு வரும் ஜோடிக்குச் சந்தையில் மரியாதை தனி. விற்கும் எண்ணமே இல்லையென்றாலும் எழுதி வையுங்கள். இப்போது ஒட்டிய ஃபோமும் இன்னும் இருபது வருடத்தில் உதிரத்தான் போகிறது. அன்றைக்கு அளவு தேடி அலையப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.